தையல்காரரின் இன்ஜின் பல் டாக்டரின் வண்டிக்கு வந்த விதம்

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் இறங்கிப்போய் லாரிகள் எல்லாம் ஊரைச் சுற்றிப் போன வருடம், நூற்பாலையின் புகைபோக்கியைக் கயிறு கட்டிச் சாய்த்த வருடம், என் இரண்டாவது மகள் தலைக்குப் பதில் கால் நீட்டிப் பிறந்த வருடம், இந்த மூன்றும் ஒரே வருடம். அந்த வருடத்தில்தான் இத்தாலி மோட்டார் சைக்கிள்கள் நான்கும் எங்களிடம் வந்தன. அது எந்த வருடம் என்று காவல் அதிகாரி கேட்டார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வருடங்களை நான் எண்ணாக வைத்துக்கொள்வதில்லை, பாலம் இறங்கிய வருடம் எது என்று பாலத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள் என்று சொன்னேன்.

என் பெயரை அதிகாரி அடையாள அட்டையைப் பார்த்து மேலே எழுதிக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார் யாருமில்லை. மாவு மில்காரர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பழைய சந்தைத் தெருவில் இரும்புக் கடைக்கு அடுத்த மில்லின் மாடியில் குடியிருக்கிறேன். கீழே மில்லை இப்போது மேற்படி இரண்டாவது மகள் நடத்துகிறாள். இன்ஜின் திருட்டு என்று புகார் கொடுத்த தம்பியையும், யார் மீது புகாரோ அந்தப் பெண்ணையும் எனக்கு நன்றாகத் தெரியும். இருவர் மீதும் எனக்கு விரோதம் கிடையாது.

துறைமுகக் கிடங்கில் யாரும் வந்து எடுக்காமல் கிடந்த மரப்பெட்டிகளை ஏலம் விட்டார்கள். பல் டாக்டர் ஒன்றும், தையல்காரர் ஒன்றும், ரொட்டிக் கடைக்காரர் ஒன்றும், நான் ஒன்றும் எடுத்தோம். அதற்கு முன்பு நாங்கள் நால்வரும் ஒருவருக்கொருவர் பழக்கமில்லை. பெட்டியைத் திறந்தபோது நான்கிலும் ஒரே சிவப்பு, ஒரே வார்ப்பு. இன்ஜின் படுத்த மாதிரி இருக்கும், அதன் பக்கத்தில் பெரிய சக்கரம் ஒன்று மூடியில்லாமல் சுற்றும். ரொட்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம கடையில ரொட்டி வெட்டுற மிஷின்ல, இதுக்கு எதுக்கு ஏலம் கேட்டோம்?" என்றார். அன்றுதான் நாங்கள் நால்வரும் முதலில் சேர்ந்து சிரித்தது. வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனபோது என் மனைவி வாசலில் நின்று, "சக்களத்தியக் கொண்டு வந்தாலும் வந்தீங்க, பாஷை தெரிஞ்ச ஒருத்தியக் கூட்டிட்டு வரக் கூடாதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் இருந்த காலம் வரைக்கும் அந்த வண்டிக்கு எங்கள் வீட்டில் சக்களத்தி என்றே பெயர்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மில்லின் பின்கட்டில் கூடினோம். உதிரிப்பாகம் எங்கும் கிடைக்காது. ஆகவே ஆளுக்குத் தெரிந்ததைக் கொண்டு செய்தோம். கார்புரேட்டரின் பொடி ஓட்டைகளைப் பல் டாக்டர் பல் குடையும் ஊசியால் சுத்தம் செய்வார். அப்போது "வலிக்குதா?" என்று அதைக் கேட்பார். கிளட்சுக்குத் தக்கையும், மூடிகளுக்கு அடியில் வைக்கும் அட்டையும் தையல்காரர் துணி வெட்டும் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார், ஒரு மயிரிழை தப்பாது. பேரிங் உள்ளே இறங்க வேண்டுமானால் இன்ஜின் கூட்டைச் சூடாக்க வேண்டும் என்பதால் அதை ரொட்டி அடுப்பில் வைப்போம். மறுநாள் ரொட்டியில் ஆயில் வாசம் அடிக்கிறது என்று ஆட்கள் சொன்னால், புது மாதிரி வெண்ணெய் என்று ரொட்டிக்காரர் சாதித்துவிடுவார். என் பங்குக்கு, அரைவைக் கல்லைத் தூக்குகிற சங்கிலிக் கப்பி மில்லில் இருந்தது, அதில்தான் இன்ஜினைத் தூக்குவது.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. அதிகாரி இதைக் கவனமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நிற்கிற வண்டி கொடுக்க வேண்டும், ஓடுகிற வண்டி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் வண்டி நின்றுவிட்டால் அதில் நல்லதாக இருக்கும் சாமானை அடுத்தவர் வண்டிக்குக் கழற்றிப் போடுவோம், நின்ற வண்டி எழுந்திருக்கிற காலத்தில் அது வேறு எதிலிருந்தாவது வாங்கிக்கொள்ளும். "இது என்னோடது" என்று யார் வாயிலாவது வந்துவிட்டால் அன்று நான்கு வண்டிகளையும் அவரே துடைக்க வேண்டும். அதிகம் துடைத்தவர் பல் டாக்டர். படித்தவர், வாய்தவறி வந்துவிடும். இப்படிப் போட்டுப் போட்டு, என் வண்டியின் முன்சக்கரம் ரொட்டிக்காரருடையது, ரொட்டிக்காரர் வண்டியின் விளக்கு டாக்டருடையது, டாக்டர் வண்டியின் பெட்ரோல் டேங்க் என்னுடையது என்று ஆகிவிட்டது. நான் மேலே "என்னுடையது" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் மூவரும் இருந்திருந்தால் துணியை என் கையில் கொடுத்திருப்பார்கள்.

அதன் பிறகு, ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை தோண்டிய வருடம், தையல்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். கட்டு அவிழ்த்த பிறகு கொஞ்ச தூரம் நடந்தார், ஆனால் கிக்கரை உதைக்க முடியவில்லை. அதே மழைக்காலத்தில் டாக்டரின் வண்டி மேட்டில் ஏறும்போது உள்ளே பிஸ்டன் ராடு ஒடிந்து இன்ஜின் கூட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பார்த்தோம், வெல்டிங் வைக்கிற மாதிரி இல்லை. ஒரு பக்கம் நல்ல இன்ஜின், உதைக்கக் கால் இல்லை. இன்னொரு பக்கம் நல்ல கால், உதைக்க இன்ஜின் இல்லை. இருந்தும் இடுப்பு உடைந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தையல்காரரே ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலியோடு தூக்கி அவரை மில்லுக்குக் கொண்டு வந்தோம். அவர் மனைவியும் பின்னாலேயே பழைய படுக்கை விரிப்பு ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். "இந்த மனுஷனுக்கு இடுப்புதான் ஒடஞ்சுதுன்னு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு. தலையையும் ஒரு படம் எடுத்துப் பாத்திருக்கணும்" என்று என் மனைவியிடம் சொன்னார். அதன் பிறகு தரையில் விரிப்பை விரித்தவரும் அவர்தான். கப்பியில் சங்கிலியை மாட்டித் தையல்காரரின் வண்டியிலிருந்து இன்ஜினைத் தூக்கி அந்த விரிப்பில் இறக்கினோம்.

அப்போது தையல்காரர் பல் டாக்டரிடம், "ஒரே ஒரு கண்டிஷன். தெனம் காலைல என் கடை வழியாத்தான் போகணும், கடைகிட்ட வந்ததும் ஒரு தடவ ஆக்ஸிலேட்டர முறுக்கணும்" என்றார்.

"என் கிளினிக் அந்தப் பக்கம் இல்லையே ஐயா, நேர் எதிர்ப்பக்கம்ல இருக்கு."

"சுத்திப் போங்க. எந்தப் பல்லு எந்திரிச்சு ஓடிடப் போகுது? எனக்கு இடுப்புதான் போச்சு, காது இருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் பிறகு தையல்காரரின் மனைவி, "திருப்பித் தருவாங்களா?" என்று கணவரிடம் கேட்டார். "நான் எந்திரிச்சு ஓடுற அன்னைக்குத் தருவாங்க" என்று அவர் சொன்னார். "அப்ப அது போனதுதான்" என்று அந்த அம்மாள் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். மதியத்துக்குள் இன்ஜின் டாக்டரின் வண்டியில் ஏறிவிட்டது, முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது.

அன்று முதல் டாக்டர் தினமும் காலையில் சுற்றிப் போனார். கடை முன்னால் முறுக்குவார், தையல்காரர் வெட்டுகிற கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்பார். சத்தத்தில் ஏதாவது பிசகு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை, "புதன்கிழமையிலேர்ந்து வால்வு பேசுது, பாருங்க" என்பார். பார்த்தால் வால்வு பேசியிருக்கும். டாக்டர் காலமான பிறகு அவர் மகள் அந்த வண்டியை எடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு வேலை வீட்டிலிருந்தபடிதான், காலையில் போவதற்கு இடமே கிடையாது. ஆனாலும் குளித்துக் கிளம்பி, கடைவரைக்கும் போய், முறுக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பி வேலையில் உட்காருவாள். சென்ற வருடம் தையல்காரரும் காலமானார். அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, "வண்டிக்குப் பழகிடுச்சு பெரியப்பா" என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் மில் வாசலில் நிற்க இடம் இருக்காது. புதிய இத்தாலி வண்டிகள் வருகின்றன, கம்ப்யூட்டர் வைத்தவை கூட வருகின்றன. சங்கிலியில் ஆயில் விட்டுக்கொண்டே பாதி நாள் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். எந்த வண்டி எந்த இடத்தில் ஒழுகும் என்று சொல்வது என் வேலை. ஒழுகாவிட்டால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம் என்பேன். அந்த வகையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

புகார் கொடுத்த தம்பி தையல்காரரின் சகோதரி மகன். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு, மாமா காலமான பிறகு திரும்பி வந்து மாமாவின் வீட்டிலேயே குடியிருக்கிறார். கடைக்குள் துணிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தவர் காலையில் சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்திருக்கிறார். சிறு வயதில் கேட்ட சத்தம். அவர் காது சரி. வண்டியை நிறுத்தி இன்ஜினில் கொத்தியிருந்த எண்ணைப் பார்த்து, மாமாவின் வண்டி ஆவணத்தோடு ஒத்துப் பார்த்து, திருட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே வண்டியை இந்த நிலையத்துக்குக் கொண்டு வந்தார்கள். நான் அன்று கூட இருந்தேன். ஓட்டி வந்த காவலர் கியர் என்று நினைத்து இடது காலால் மிதித்தார். இத்தாலிக்காரர்கள் அந்தக் காலத்தில் கியரை வலது காலிலும் பிரேக்கை இடது காலிலும் வைத்தார்கள். வண்டி வாசல் படியில் நட்டுக்கொண்டு நின்றது, காவலர் நிற்கவில்லை. அவருக்கு அடி ஒன்றும் இல்லை. நான் சிரிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். அதிகாரி எழுதினார்.

டாக்டரின் மகள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. தினமும் காலையில் இங்கே வந்து, அனுமதி கேட்டு, வண்டியின் மேல் படிந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போகிறாள். இன்ஜின் புகார்தாரருடையது என்று முடிவானால் அதைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், மீதி வெறும் கூடு. வேறு இன்ஜினுக்கு வழியில்லை. புகார் கொடுத்த தம்பியிடமும் பேசிப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, எனக்கு வண்டி வேண்டாம். அது எங்க மாமா குரல். அத எப்படி ஊரான் வீட்ல விடுறது?" என்றார். அவரும் கெட்டவர் இல்லை. கழற்றி வைத்த இன்ஜின் பேசாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

தையல்காரரின் வண்டி காணாமல் போகவில்லை. அதன் இரும்புச் சட்டம் என் மில்லின் பரணில் சாக்கு போட்டு மூடிக் கிடக்கிறது, அதில் கொத்தியிருக்கும் எண்ணை அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இன்ஜினைக் கடனாகக் கொடுத்தாரா, தானமாகக் கொடுத்தாரா என்று கேட்டார்கள். அந்த இரண்டு சொல்லும் எங்களுக்குள் புழங்கியதில்லை. நிற்கிற வண்டி கொடுத்தது, ஓடுகிற வண்டி வாங்கிக்கொண்டது.

மேலே எழுதியதை எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் எழுதியிருக்கிறது, சொன்னது அத்தனையும் நடந்தது. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை. இடது பெருவிரல் ரேகை வைத்தேன்.

ரேகை வைத்த பிறகு, அன்று மில்லில் அந்தப் பேச்சைக் காதால் கேட்டவர்கள் வேறு யார் என்று அதிகாரி கேட்டதால் இதைச் சேர்த்துச் சொல்கிறேன். ரொட்டிக்காரர் கேட்டார், அவர் எங்களில் முதலில் போனார். அதன் பிறகு கதவருகில் நின்ற என் மனைவி போனாள். அதன் பிறகு டாக்டர். அதன் பிறகு சென்ற வருடம் தையல்காரர். என்னை விட்டால் இன்றைக்கு உயிரோடு இருப்பது, விரிப்பு கொண்டு வந்து "அப்ப அது போனதுதான்" என்று சொன்ன தையல்காரரின் மனைவி ஒருவர்தான். புகார் கொடுத்த தம்பிக்கு அவர் அத்தை, அதே வீட்டு மாடியில்தான் இருக்கிறார்.