ராகு காலத்துக்கு முன்னால் வந்த மஞ்சள்

மன்னிக்கணும்... மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லீங்க. எங்க வீட்டுல காலேஜ் படிச்ச முதல் ஆள் நான். இத்தனை வியாபாரிங்க முன்னாடி நான் நிக்கறதே அதிகம். கம்பெனிங்க எதை வெச்சு பிளாக்செயினுக்கு மாறுதுன்னு பேசச் சொன்னாங்க. செலவு, வசதி, போட்டின்னு எழுதிட்டு வந்தேன். அதை மடிச்சு வெச்சுட்டு, நடந்தது ஒண்ணைச் சொல்றேன். சின்னதுதான்.

ஈரோட்டுல ஒரு மஞ்சள் ஏற்றுமதி கம்பெனி. அந்த முதலாளி ஏன் பிளாக்செயின் போட்டார்? வாங்கறவங்க கேட்டாங்க, அது ஒரு காரணம். பக்கத்துக் குடோன்காரர் போட்டுட்டார்... அதுதான் பெரிய காரணம். சிரிக்கறீங்க, உங்களுக்கே தெரியுது.

பிளாக்செயின்னா என்ன? சரக்கு கைமாறும்போதெல்லாம் விவசாயி, லாரிக்காரர், கம்பெனின்னு அவங்கவங்க ஒரு வரி பதியணும். பதிஞ்சது அப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அப்புறம் யாராலயும் அழிக்க முடியாது.

முதல் லோடு வர்ற நாள், வெள்ளிக்கிழமை. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சு, பூப்போட்டு, தேங்காயும் உடைச்சாச்சு. கோபியிலிருந்து வர்ற லாரியைத்தான் காணோம். பத்தரைக்கு ராகு காலம். கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருந்தது கோகிலவாணின்னு ஒரு பொண்ணு. முதலாளி அவகிட்டச் சொன்னார்:

"முதல் பதிவு நல்ல நேரத்துல இருக்கோணும். அழுத்திப்போடு கண்ணு."

"லாரி இன்னும் வரலைங்க."

"வர்ற லாரிதானே? நம்ம மஞ்சள்தானே? அழுத்து."

அழுத்தினா. என்ன பதிவாச்சு? 'சரக்கு வந்தது. பார்த்தோம். நன்றாகக் காய்ந்திருக்கிறது.' எல்லாரும் கை தட்டினாங்க. லட்டு கொடுத்தாங்க.

அந்த நேரம் லாரி எங்கே இருந்தது? கவுந்தப்பாடி பக்கம், கொட்டற மழையில. தார்ப்பாய் கிழிஞ்சு மூட்டையெல்லாம் ஊறிப்போச்சு. டிரைவர் அர்த்தநாரி அண்ணன், சொல்லிக்கொடுத்தபடியே போன்ல போட்டோ எடுத்துப் பதிஞ்சார். 'வழியில் நனைந்துவிட்டது.'

லட்டு வாயில இருக்கும்போதே, துபாய்ல அந்தச் சரக்கை வாங்கறவர் ரெண்டு பதிவையும் பார்த்துட்டு வீடியோவுல வந்துட்டார். கோபமாக்கூடப் பேசலை. வராத மஞ்சளை எப்படிப் பார்த்தீங்கன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

முதலாளி மெதுவா, "அந்த வரியை அழிச்சுடு கண்ணு"ன்னார்.

"அழிக்க முடியாதுங்க... அதுக்குத்தானேங்க இதை வாங்கினோம்."

அதுக்கப்புறம் யாராலயும் லட்டை முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. அந்த ஆர்டர் அன்னைக்கே போச்சு.

என்னை உலுக்கிப்போட்டது அது இல்லீங்க. சாயங்காலம் கோகிலவாணியை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. ஏன்? "பதிவுல அவ பேருதானே இருக்கு." ஆமா, இருக்கு. அழுத்தினது யாருன்னு அதுக்குத் தெரியும். அழுத்துன்னு சொன்னது யாருன்னு அதுக்குத் தெரியுமா? அவ அடுத்த கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனா. அவங்களும் அதே பதிவைத் திறந்து பார்த்தாங்க... கதவைச் சாத்திட்டாங்க. இன்னமும் எனக்கு நம்ப முடியலை. ராகு காலத்துக்குப் பயந்து ஒரு பொண்ணோட பேரைக் கெடுத்துட்டோம்.

எதை வெச்சு மாறணும்னு கேட்டீங்களே... செலவைப் பாருங்க, வேண்டாம்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி ஒண்ணைப் பாருங்க. "லாரி இன்னும் வரலைங்க"ன்னு கம்ப்யூட்டர்ல இருக்கற பொண்ணு சொன்னா, உங்களால காத்திருக்க முடியுமா? முடியும்னா வாங்குங்க. முடியாதுன்னா வாங்காதீங்க. நம்ம பொய்யை அது நம்மளை விட நல்லா ஞாபகம் வெச்சுக்கும்.

கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த முதலாளி மூணாவது வரிசையில இருக்கார். நான் அந்தப் பக்கம் பார்க்கலை. எனக்கும் அவர்தான் முதலாளி. கோகிலவாணிக்குப் பக்கத்து நாற்காலி என்னோடது.

ஐயா... பழைய வரியை அழிக்க முடியாது. ஆனா அதுக்குக் கீழே புதுசா ஒரு வரி சேர்க்கலாம். 'அழுத்தச் சொன்னது நான்'னு உங்க பேர்ல பதிஞ்சுட்டு... அவளைத் திரும்பக் கூப்பிடுங்க.