ஒரு சாண் தள்ளி

"ஹலோ... ஹலோ... யாரு, அக்காவா? ...நாந்தான்கா. ...ஆமா, ஆமா, உனக்குச் சாப்பாட்டு மணி அடிக்கட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். ...யாருக்கும் ஒண்ணும் இல்ல. எதுக்கு உடனே பதறுற? ...நீ சாப்பிடு. சாப்பிட்டுக்கிட்டே கேளு."

சாலையை அகலப்படுத்த இடிக்கப்போகும் வீடுகளைக் கணக்கெடுக்கிற அலுவலகம் அது. மாடிப்படிக்குக் கீழே, பழைய பதிவேட்டுக் கட்டுகளுக்கு நடுவே அவன் ஒடுங்கி நின்றிருந்தான். வெல்டிங் பட்டறையை மூடிய பிறகு இங்கே கேமரா ஸ்டாண்டு தூக்க வந்தவன். இப்போது கேமராவும் அவன் பொறுப்பில். கூடப் பிறந்தது அந்த அக்கா ஒருத்திதான். தையல் ஆலையில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறாள். அவள் புருஷன் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு நீ இங்க வரணும்கா. ...ரெண்டு மணி நேரம் பர்மிஷன் கேளு. ...கொடுப்பாங்க, அந்தச் சூப்பர்வைசரம்மாவுக்கு மூஞ்சிதான் அப்படி. ...வீட்டு விஷயம்தான். ...கிடைக்காதுன்னு யாரு சொன்னா? வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க. புது வீடு மாமா பேர்ல வரவேண்டியது, அதை உன் பேருக்கு மாத்தணும். அதுக்கு, இடிக்கப்போற உங்க வீட்டு வாசல்ல மாமா நின்ன படம் ஃபைல்ல இருக்கணுமாம். ...எடுத்தேன், எடுத்தேன். நாந்தானே எடுத்தேன். நீ அன்னிக்கு வேலைக்குப் போயிட்ட. ...அக்கா, அந்தப் படத்துல மாமா இல்ல."

அந்தப் பக்கம் டப்பா மூடுகிற சத்தம் கேட்டது.

"...இல்லன்னா இல்லதான். பெரியவன் இருக்கான். சின்னவ இருக்கா. கதவு நம்பர் பளிச்சுன்னு இருக்கு. சின்னவ தோள்மேல நாலு விரல் இருக்கு. அவ்வளவுதான் மாமா. 'குடும்பத் தலைவர் இல்லை'ன்னு பக்கத்துல எழுதிட்டாங்க. ...இல்ல, இல்ல, யாரும் வெட்டலக்கா. அது என் வேலைதான். ...சொல்றேன், பொறு.

"முன்ன ரெண்டு பேரு இருந்தாங்க. வீடியோவுக்கு ஒருத்தர், போட்டோவுக்கு ஒருத்தர், ஆளுக்கு ஒரு ஸ்டாண்டு. ஒருத்தரை வேற பக்கம் அனுப்பிட்டாங்க, இன்னொருத்தர் வேலையை விட்டே நின்னுட்டாரு. 'நீயே ரெண்டையும் பாத்துக்கிறியா'ன்னு ஆபீசர் கேட்டாரு. நான் பேசாம இருந்திருக்கலாம். கை ஊறிச்சு. ஒரு இரும்புப் பட்டையை எடுத்து, ஓட்டை போட்டு, ஸ்டாண்டு தலையில வெச்சு முறுக்கி, இந்தப் பக்கம் வீடியோ, அந்தப் பக்கம் போட்டோ கேமரா. ...ஆமா, உங்கிட்டகூட வந்து பீத்திக்கிட்டேனே, அதேதான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண். அகலமான தெருவுல தள்ளி நின்னு எடுத்தா ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் விழும். உங்க சந்து ஒடுக்கம். எதிர்ச்சுவரு என் முதுகுல இடிக்குது. அவ்வளவு கிட்டத்துல, ஓரத்துல நிக்கிற ஆளை அந்த ஒரு சாண் முழுங்கிடும்னு எனக்குத் தெரியலக்கா."

அவன் சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தான். பார்க்காமலே திரும்பப் பைக்குள் வைத்தான்.

"...பாத்தேன். ஏன் பாக்காம? வீடியோ கேமராவுல சின்னதா ஒரு திரை இருக்கும், அதுல பாத்தேன். அதுல எல்லாரும் இருந்தாங்க. இன்னொண்ணுல கண்ணே வைக்கல. பட்டனை மட்டும் அமுக்கினேன். ரெண்டும் ஒரே கால்ல நிக்குது, ஒரே இடத்தைத்தானே பாக்கும்னு நினைச்சேன். ...அந்தச் சந்துல ஆறு வீடு அப்படி ஆகிப்போச்சு. மத்த அஞ்சு வீட்டுக்காரங்களையும் திரும்ப நிக்கவெச்சு எடுத்துட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"...அக்கா. ...இருக்கியா? ...அழாத. இங்க கேளு. வீடு எங்கயும் போகாது. வீடியோவுல மாமா இருக்காரு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் முழுசா இருக்காரு. ...ஆமா, அந்தக் கட்டம் போட்ட சட்டைதான். பித்தானை மாத்திப் போட்டிருக்காரு. ...நீ வீட்ல இருந்திருந்தா சரி பண்ணி விட்டிருப்ப, ஆமா. ...ஆபீசர் ஒத்துக்கிட்டாரு. வீடியோவுலேர்ந்து ஒரு படத்தை எடுத்து ஃபைல்ல ஒட்டிக்கலாம். ஆனா சம்சாரம் நேர்ல வந்து, முழுசா உக்காந்து பாத்து, 'இவருதான்'னு கையெழுத்துப் போடணும். ...ஆமா. ஆமா. அவ்வளவுதான். ...சரி. ...வெச்சிடாத. வெச்சிடாதக்கா, இன்னும் ஒண்ணு இருக்கு."

தலைக்கு மேலே படிகளில் யாரோ இரண்டு பேர் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டும்வரை அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"...ஒண்ணும் இல்ல, ஆளுங்க போனாங்க. ...அக்கா, அந்த வீடியோவுல சத்தமும் பதிஞ்சிருக்கு. ...பேசுறாருதான். கொஞ்சூண்டு. ...நான் சொல்ல வந்தது அவர் பேசுறதை இல்ல. நான் பேசுறதை. ...அன்னிக்கு அந்தப் பட்டை மக்கர் பண்ணிச்சு. போட்டோ கேமரா கனம், அந்தப் பக்கமே சாயுது. முறுக்குறேன், சாயுது. மறுபடி முறுக்குறேன், மறுபடி சாயுது. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. ஆபீசர் பக்கத்துலயே நின்னு கைக்கடிகாரத்தைப் பாக்குறாரு. அக்கா வீடுன்னு சாவகாசமா எடுக்கிறான்னு நினைச்சிடுவாரோன்னு எனக்கு. மாமா வேற நகந்துக்கிட்டே இருந்தாரு. ...மூச்சு வாங்கிச்சு, ஆமா. எனக்கு அப்பத் தெரியல. ...இல்ல. தெரிஞ்சுது. உங்கிட்ட எதுக்குப் பொய், தெரிஞ்சுது.

"...'கொஞ்சம் உக்காந்துக்கவா'ன்னு கேட்டாரு. எங்கிட்டக் கேட்டாருக்கா, சின்னப்பய எங்கிட்ட. ...நான் என்ன சொன்னேன்னா... 'நாலு நிமிஷம் மனுஷன் மாதிரி நிக்க முடியாதா உங்களால, உங்க ஒருத்தரால சந்தே காத்துக் கெடக்கு'ன்னேன். ...அப்படியேதான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. புள்ளைங்க பக்கத்துல நிக்குது. மாமா நிமிந்து நின்னாரு. அதுலேர்ந்து பன்னண்டாம் நாளு போயிட்டாரு."

அவன் முன்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"கம்ப்யூட்டர்ல இருக்கிறவர்கிட்ட, அக்கா வர்றப்ப சத்தத்தை அமுக்கிடுங்கன்னு நேத்தே சொல்லி வெச்சுட்டேன். அவரும் சரின்னுட்டாரு. மனசு கேக்கல. ...அதான், என் வாயாலயே சொல்லிடலாம்னு. ...என்ன? ...தெரியுமா? ...சின்னவ சொன்னாளா. எப்ப? ...அன்னிக்குச் சாயந்திரமேவா?"

மாமாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று அக்கா இவன் தோளில்தான் சாய்ந்து அழுதாள். அதற்குப் பிறகு எத்தனை வேளை அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று கரண்டியோடு நின்றவள், இதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

"...ஏன்கா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல? ...திட்டியிருக்கலாமே. நாலு அறை விட்டிருக்கலாம். ...ம். ...ம். ...அன்னிக்கு ராத்திரி சாப்பிடாமயே படுத்துட்டாரா? ...அது மூச்சு வாங்கினதாலயா, இல்ல... ...சரி. சரி, கேக்கல. நீயா சொல்ற வரைக்கும் கேக்கல.

"...என்னது? ...சத்தத்தை வைக்கச் சொல்லணுமா? ...வைக்கச் சொல்றேன். ...இல்ல, அமுக்க மாட்டாங்க, நான் சொல்லிடுறேன். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும், ஆமா. ...ரெண்டே தடவைதான்கா பேசுறாரு. உக்காந்துக்கவான்னு கேட்டது ஒண்ணு. எல்லாம் முடிஞ்சப்புறம் 'ஆச்சா'ன்னு ஒண்ணு. ...வேற ஒண்ணும் இல்ல. நான் மூணு தரம் போட்டுப் பாத்துட்டேன். ...தெளிவாத்தான் கேக்குது. கிட்டத்துல நின்னு பேசுற மாதிரி. ...பெரியவனைக் கூட்டிக்கிட்டு வா. சின்னவ வேணாம்னா விட்டுடு, அது உன் இஷ்டம்."

அந்தப் பக்கம் மணி நீளமாக அடித்தது.

"...மணியா? போ, போ, அந்தம்மா கத்தப்போகுது. ...வர்றேல்ல நாளைக்கு? ...பத்து மணி. கேட்டுக்கிட்டே நிப்பேன்... கேட்டுக்கிட்டேன்னா, வாசல் கேட்டுக்குப் பக்கத்துல. ...ஆங், ஒண்ணே ஒண்ணு. நீ அதைப் பாக்குறப்ப நான் உங்கூட உள்ள வந்து உக்காரவா, இல்ல வெளிய நிக்கட்டா? ...அக்கா?"

தையல் மெஷின்கள் ஒன்று, இரண்டு என்று தொடங்கி, பிறகு கூடம் முழுக்க ஓட ஆரம்பித்தன. அக்கா ஏதோ சொன்னாள். அது அந்த இரைச்சலில் கரைந்துபோனது.

"...ஒண்ணும் கேக்கலக்கா. கொஞ்சம் சத்தமாச் சொல்லு. ...உள்ளயா, வெளியயா? ...அக்கா, உள்ள வரட்டா?"

லைன் அறுந்திருந்தது.