வக்கீல் சொன்ன பதில்

— எறங்கி ரெண்டு நிமிசம் ஆவல, அதுக்குள்ள திரும்பிப் போறேங்கறியே வரதா. அந்த பஸ்சு காஞ்சிபுரம் கெளம்ப இன்னும் அரைமணி ஆவும். மொதல்ல வண்டில குந்து.

— குந்த வரல ஐசக்கு. உன்ன நேருக்கு நேரா ஒரு கேள்வி கேக்கத்தான் ஒரகடத்துலேர்ந்து நின்னுகினே வந்தேன். கேட்டுட்டுப் போயிடறேன்.

— உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு நடுவுல நின்னுகினா? சுத்தி ஆளுங்க கீறாங்க. வண்டில வந்து கேளு. பெருநகர் போயிச் சேர்ற வரிக்கும் கேளு. காத்துல போவட்டும்.

— கட்சிக் கொடி கட்டுன வண்டில நான் ஏற மாட்டேன்.

— கொடிய நேத்தே அவுத்து வூட்ல வெச்சிட்டேன். பேட்ஜும் இல்ல, பாரு. ஓட்டுப் போடறவங்கள கட்சி வண்டில இட்டுகினு போனா கேசு புடிப்பாங்க. இன்னிக்கி நான் உனக்கு ஃபிரெண்டு, அவ்ளோதான்.

— ஃபிரெண்டு. நல்லா சொன்ன.

— மணி நாலு. ஆறு மணிக்கு பூத்த மூடிடுவாங்க. குந்து நைனா.

— சரி, வண்டிய ஓட்டு. ஓட்டுப் போடறேன்னு மட்டும் சொல்லல.

— ஆவட்டும். கேளு.

— அந்த வீடியோவ எத்தினி தடவ பாத்தேன் தெரியுமா? மொதல்ல கம்பெனி பஸ்சுல, பக்கத்து சீட்டுக்காரன் போன்ல ஓடிச்சி. 'டேய் வரதா, உங்க ஊரு வேட்பாளர் இன்னா போடு போடறாரு பாரு'ன்னு காட்டுனான். எல்லாரும் சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன் ஐசக்கு. சிரிக்காம இருந்தா ஏன்டான்னு கேப்பானுங்களே. அப்பறம் ரூமுக்கு வந்து, பாத்ரூம்ல கொழாவ தொறந்து உட்டுட்டுப் பாத்தேன். மூணு நாளு லைன்ல நிக்கவே முடியல. ஸ்க்ரூ மாத்தி மாட்டி சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிகினேன்.

— எனக்கும் தூக்கம் இல்லதான்.

— உனக்கு இன்னா கேடு? நீதான் அந்த வீடியோவுலயே நிக்கிறியே. யூடியூப்காரன் மைக்க நீட்டி கேக்கறான், 'ஓரினச் சேர்க்கைக்காரங்கள மீட்க நீங்க ஸ்டேசனுக்கே போனீங்களாமே, உங்க நிலைப்பாடு என்ன சார்'னு. நம்ப தமிழ்வாணன் வக்கீல் கண்ணாடிய மேல தூக்கி உட்டுகினு சொல்றாரு, 'அதெல்லாம் பட்டணத்துல. நம்ப மண்ணுல அப்படி யாரும் கெடையாது'ன்னு. யாரும் கெடையாதுன்னா, அவரு தோளுக்குப் பின்னால கொட புடிச்சிகினு நிக்கிறது யாரு?

— நான்தான்.

— அதான் என் கேள்வி. நீ கண்ணு கூட சிமிட்டல.

— இன்னா செய்யச் சொல்ற? கொடைய கீய போட்டுட்டு, 'தோ நான் ஒருத்தன் கீறேன் சார்'னு கைய தூக்கவா?

— தூக்க வேணாம். தலையாவது குனிஞ்சிருக்கலாம். மூஞ்சியாவது மாறியிருக்கலாம். நான் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன்டா. ஒண்ணுமே இல்ல உன் மூஞ்சில.

— மெதுவா பேசு. மில்லு வாசல்ல ஆளுங்க கீறாங்க.

— நிறுத்து.

— இன்னா?

— வண்டிய நிறுத்து. நான் எறங்கி நடக்கறேன்.

— பெருநகர் இன்னும் எட்டு கிலோமீட்டர் கீது.

— கீட்டும். குந்தினு வர முடியல.

— சரி, நட. நான் பக்கத்துலயே உருட்டிகினு வரேன்.

— நீ போ.

— போவ மாட்டேன்.

— அந்தாள நான் எப்பிடி நெனச்சேன் தெரியுமா ஐசக்கு? மூணு வருசத்துக்கு முந்தி, செய்யாத்துக் கரையில பேசிகினு இருந்தோம். பேசிகினுதான் இருந்தோம்.

— கைய புடிச்சிகினு இருந்தோம்.

— சரி, கைய புடிச்சிகினு. எவனோ போன் பண்ணி சொல்லி, ஜீப்பு வந்துது. ஸ்டேசன்ல சட்டைய கழட்டி செவுத்தோரம் நிக்க வெச்சாங்க. ஆளாளுக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க.

— எந்தத் தெருன்னு கேட்டாங்க. உனக்கு அட்வைசு பண்ணாங்க. காலனிப் பையன்னு தெரிஞ்சதும் எனக்கு வாயிலயே ஒண்ணு உட்டாங்க.

— தெரியும்டா. நான் பாத்துகினுதான இருந்தேன். அப்ப வக்கீல் வந்தாரு. யாரு சொல்லி வந்தாருன்னு இன்னிக்கி வரிக்கும் தெரியாது. 'வயசு வந்த ரெண்டு பேரு ஆத்தங்கரையில குந்தினு இருந்தா அது எந்த செக்சன்'னு கேட்டாரு. சத்தமா கூட கேக்கல. பத்து நிமிசத்துல நம்ப சட்டைய குடுத்துட்டாங்க. வெளிய இட்டுகினு வந்து நாஷ்டா வாங்கிக் குடுத்தாரு. பூரி. நீ துண்ணல.

— ஒதடு கிழிஞ்சிருந்துது.

— அங்க குந்திகினு ஒரு வார்த்த சொல்லிக் குடுத்தாரு. 'இதுக்கு தன்பாலீர்ப்புன்னு பேரு. கோர்ட்டே தப்பில்லன்னு சொல்லிடுச்சி. யாராவது அசிங்கமான வார்த்த சொன்னா, நீங்க மனசுக்குள்ளயாவது இந்த வார்த்தய சொல்லிக்கங்க'ன்னாரு. அதுவரிக்கும் எனக்கு நான் இன்னான்னு சொல்லிக்க ஒரு பேரு இல்ல ஐசக்கு. அந்தப் பேர குடுத்த மனுசன் எலெக்சன்ல நிக்கிறாருன்னதும் நான் எப்பிடி குதிச்சேன்? ஷிப்டு மாத்திகினு வந்து, அவரு பேர எழுத செவுரு செவுரா சுண்ணாம்பு அடிச்சேன். எங்க அப்பா கிருஷ்ணசாமி எதிர்க்கட்சி. வூட்ல சோறு தண்ணி இல்லாம சண்ட போட்டேன். எல்லாம் எதுக்கு? நான் இல்லவே இல்லன்னு மைக்குல சொல்றதுக்கா?

— கேளு வரதா. நீ சொல்றது எல்லாம் சரி. என் பக்கமும் ஒண்ணு கீது, அதயும் கேளு.

— சொல்லு. நீ பேசித்தான கீற ஒரு மாசமா, பிரச்சார வேன்ல.

— எங்க காலனில எம்பத்தி மூணு வூடு. ஒண்ணுத்துக்கும் பட்டா இல்ல. ஏரிப் பொறம்போக்குன்னு நோட்டீசு ஒட்டறாங்க, அப்பால கிழிச்சிப் போடறோம், திரும்பி ஒட்டறாங்க. அந்தக் கேச எட்டு வருசமா நடத்தறது யாரு? மழக்காலத்துல முட்டிக்கால் தண்ணில வந்து எங்க அம்மாகிட்ட கையெழுத்து வாங்கினு போனாரு. அம்மா எழுத்து சரியா வராம கைநாட்டு வெக்கப் போனா, 'மெதுவா எழுதுங்கம்மா, நான் நிக்கிறேன்'னு நின்னாரு. அவரு ஜெயிச்சா எங்களுக்கு வூடு. தோத்தா திரும்பி நோட்டீசு. உனக்கு அவரு ஒரு வார்த்தயில தப்பிட்டாரு. எங்களுக்கு அவரத் தவுத்து வேற ஆளே இல்ல.

— அதுக்காக நான் இல்லன்னு ஆயிடணுமா?

— ஆவ வேணாம். ஓட்டு எண்ணி முடிக்கிற வரிக்கும் மறைஞ்சி கீலாம். ஒரு மாசம்.

— ஒரு மாசமா? எனக்கு முப்பத்தி மூணு வயசு ஐசக்கு.

— அந்தக் கேள்விய கேக்க வெச்சதே எதிர்க்கட்சி. எங்க கட்சி பெருமாள் அண்ணன் முன்னயே வந்து சொல்லிட்டாரு. வக்கீல் மட்டும் 'ஆமா, மீட்டேன், அவங்களும் மனுசங்கதான்'னு சொல்லியிருந்தா, அந்த யூடியூப்காரன் அடுத்த கேள்வி ரெடியா வெச்சிருந்தான். 'உங்க பின்னால கொட புடிச்சிகினு நிக்கிறானே, அவனதான மீட்டீங்க?' கேமராவ என் மூஞ்சிக்குத் திருப்பறதா பிளானு.

— திருப்பட்டுமே.

— உனக்கு சொல்றது சுளுவு. நீ ஒரகடத்துல ரூமு எடுத்துகினு கீற. எங்க அம்மா காலனில கொழாவாண்ட நிக்கணும். தங்கச்சி ஷாரோனுக்கு வாலாஜாபாத்துல மாப்ள பாத்து நிச்சயம் ஆயிடுச்சி, வைகாசில கல்யாணம். சர்ச்சுல கல்யாண ஓல வாசிக்கணும். அவ மூஞ்சிய நான் எப்பிடி பாப்பேன்?

— அப்ப உன்ன காப்பாத்தத்தான் அப்பிடி சொன்னாருங்கிறியா?

— லாரி வருது, ஓரமா வா.

— கேட்டதுக்கு பதில் சொல்லு.

— மணி நாலரைக்கு மேல ஆயிடுச்சி வரதா. ஏறு. உள்ள போயி யாருக்கு வேணா போடு, போடாம வேணா வா. இவ்ளோ தூரம் வந்துட்டு உள்ளயே போவலங்கறது மட்டும் வேணாம்.

— ஏறிட்டேன். வேகமா போ.

— பெருநகர் ஸ்கூலு வந்துடுச்சி, எறங்கு. சுதாக்கா, இவருக்கு பூத் சிலிப்பு எடுத்துக் குடு. வரதன், அப்பா பேரு கிருஷ்ணசாமி.

— எனக்குத் தெரியாதா ஐசக்கு? கிருஷ்ணசாமி வூட்டு கயனில எத்தினி நாளு நாத்து நட்டிருப்பேன். இன்னா தம்பி, இப்பிடி எளச்சிப் பூட்ட? ஒரகடத்துல சோறு போடறதில்லியா? இந்தா, வரிச நெம்பரு நானூத்தி ஆறு. எடது பக்கம் ரெண்டாவது ரூமு.

— சுதாக்கா, உன்ன ஒண்ணு கேக்கட்டா? வக்கீல் பேசுன வீடியோ பாத்தியா நீ?

— வரதா, லேட்டாவுது, உள்ள போ.

— கேக்கட்டும் உடு ஐசக்கு. எந்த வீடியோ தம்பி? அந்த ஆம்பளயும் ஆம்பளயும் சமாச்சாரமா? பாத்தேன். எங்க குரூப்புல கூட வந்துது. எதுக்கு அந்தக் கேள்வி கேட்டானுங்க, எதுக்கு இவரு அப்பிடி சொன்னாருன்னு எனக்கு வெளங்கல. அவரு மீட்டாருன்னா மீட்டேன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான. எவன் எவனோட இருந்தா எனக்கு இன்னா வந்துது? குட்ச்சிட்டு வந்து அடிக்காம இருந்தா போதும். எங்களுக்கு வேண்டியது பட்டா. கதவுல நெம்பர் தகடு. நீ போ தம்பி, கூட்டம் கம்மியா கீது.

— போட்டுட்டியா வரதா?

— போட்டேன். எனக்கு முன்ன ஒரு பெரியம்மா, மெசின்ல கை வெச்சா ஷாக்கு அடிக்குமான்னு கேட்டுகினு நின்னாங்க. அதான் லேட்டு.

— யாருக்குன்னு நான் கேக்க மாட்டேன்.

— நானே சொல்றேன். வண்டிய எடு, போய்கினே சொல்றேன். வக்கீல் பேரு ரெண்டாவதா இருந்துது. வெரல அது மேலயே வெச்சினு நின்னேன். அழுத்தல. உங்க எம்பத்தி மூணு வூடும் ஞாபகம் வந்துது. அந்த பூரித் தட்டும் வந்துது. 'சீக்கிரம் சார்'னு ஆபீசர் அம்மா குரல் குடுத்தாங்க. அப்ப திரும்பியும் அந்தக் கண்ணாடிய தூக்கி உட்டுக்கறது வந்துது கண்ணுல. கை தானா கீய எறங்கிடுச்சி. கடைசி பட்டன்.

— நோட்டா.

— ஆமா. யாரும் கெடையாதுன்னாரு இல்ல? யாருக்கும் கெடையாதுன்னு போட்டுட்டேன். கோவம் வந்தா திட்டு.

— திட்டல.

— சுதாக்கா மூஞ்சிய பாக்காம ஸ்கூலு பின்பக்கமா வந்தேன். தோத்துட்டாருன்னா என் ஓட்டாலதான்னு தோணும். ஜெயிச்சாலும் தோணும், நாம போடலியேன்னு. பேஜாரா கீது. ஆனா ஒண்ணு ஐசக்கு, காலைல இருந்த கோவம் இல்ல இப்ப. சுதாக்கா பேசுனதக் கேட்டதும் இன்னாவோ எறங்கிடுச்சி. அந்த அக்காவுக்கே ஒண்ணும் இல்ல, படிச்ச வக்கீலுக்கு எதுக்கு அவ்ளோ பயம்? உடு. பதவின்னு வந்தா எல்லாரும் அப்பிடித்தான். அவருகிட்ட எதிர்பாத்தது என் தப்பு.

— அப்பிடி சொல்லாத.

— மெய்யாத்தான் சொல்றேன். பஸ்சுல வரப்ப உன் மேலதான் கோவம். உன்ன உட்டுட்டுப் பூடலாம்னு கூட நெனச்சேன். இப்ப தெளிஞ்சிட்டேன். நீ கொட புடிச்சே, அது உன் வேல. நீ உன் வாயால அப்பிடி ஒரு வார்த்த சொல்ல மாட்டியே. ஊரே இல்லன்னு சொல்லட்டும். நான் கீறேன்னு நீ ஒருத்தன் தெரிஞ்சி வெச்சினு இருந்தா போதும் எனக்கு. ஏன் நிறுத்தற?

— எறங்கு வரதா.

— பெட்ரோல் தீந்துதா?

— இல்ல. எறங்கு. ஓட்டினே சொல்ல முடியாது என்னால.

— இன்னாடா? எறங்கிட்டேன், சொல்லு.

— பெருமாள் அண்ணன் வந்து அந்தக் கேள்விய பத்தி சொன்னதும், வக்கீல் எல்லாரயும் வேன்லேர்ந்து எறங்கச் சொல்லிட்டாரு. 'ஐசக்கு, மறைக்க மாட்டேன். ரெண்டு பசங்கள மீட்டேன், அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, நாளைக்கும் போவேன்னு சொல்லிடறேன். உன் பேரு மட்டும் வராம பாத்துக்கறேன். ஓட்டு போனா போவட்டும்'னாரு.

— அப்பறம் ஏன் மாத்திப் பேசனாரு? யாரு மெரட்டுனாங்க அவர?

— யாரும் மெரட்டல. அவரு ரெண்டு தடவ மாட்டேன்னாரு வரதா. 'நம்ப மண்ணுல அப்படி யாரும் கெடையாதுன்னு சொல்லிடுங்க சார்'னு, அழுதுகினே அத அவருக்கு சொல்லிக் குடுத்தது நான்.