பதினாலாம் கட்டிலுக்கு மகள்

— அது எப்படி தங்கச்சி, ஒரு சுருக்கம் இல்லாம சீட்டை விரிக்கிற?

— எதைக் கேக்குறீங்க?

— இந்தக் கட்டில் சீட்டைத்தான். நானும் நேத்துலயிருந்து பாக்குறேன். மூலையை மடிச்சு மடிச்சு, தபால் கந்தோர்ல பார்சல் கட்டுற மாதிரி...

— சும்மா, பழக்கம்தாங்க பலீலா அக்கா.

— எந்த வீட்டுல இப்படிப் பழக்குறாங்க? எங்க லயத்துல கம்பளியை ஒரு உதறு உதறிப் போடுறதோட சரி.

— லயமா? நீங்க பெரகலயில கடைன்னுல்ல சொன்னீங்க?

— ம்... கட்டிக்கிட்டுப் போன எடம் பெரகல. பொறந்த எடத்தை விடு. உங்க அம்மாவுக்கு எத்தனை புள்ளைங்க?

— யாரு அம்மாவுக்கு?

— நல்லா இருக்கே! இந்தா, பதினாலாம் கட்டில்ல படுத்திருக்காங்களே, உங்க அம்மா!

— ஓ... மூணு பேரு. ரெண்டு அண்ணன், அப்புறம் நான்.

— கணக்குப் போட்டுச் சொல்ற.

— இல்லையே.

— எந்தத் தோட்டம்?

— தெமோதரைப் பக்கம்.

— தெமோதரைப் பக்கம் எத்தனையோ தோட்டம் இருக்கு.

— அக்கா, நீங்க என்ன சீஐடியா?

— கோவிச்சுக்காத. இங்க வாயைத் தெறக்காம உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும். ஆமா... ராத்திரி இவங்க முனகுனாங்களே, ஏதாச்சும் பேரு மாதிரி கேட்டுச்சா?

— பாரிசவாதம் வந்து வாய் இழுத்துக்கிச்சேக்கா. பேரெல்லாம் எங்க வரும்?

— அதான். சும்மா கேட்டேன்.

— இப்ப என் முறை. பதினஞ்சாம் கட்டில் ஆச்சி உங்க மாமிதானே?

— ஆமா.

— அவங்களுக்குச் சீனி வருத்தம். நீங்க காலையில பிளேன்டீயில ரெண்டு கரண்டி சீனி போட்டுக் குடுத்தீங்க.

— அல்லாஹ்! குடிச்சிட்டாங்களே!

— இல்ல. நீங்க தண்ணிக்குப் போனப்போ கோப்பையை மாத்திட்டேன். உங்க சீனித் தேத்தண்ணியைக் குடிச்சது நான்தான். வாயெல்லாம் இன்னும் இனிக்குது.

— உனக்கு எப்படித் தெரியும், அவங்களுக்குச் சீனி இருக்குன்னு?

— அட்டையில எழுதியிருக்கே.

— அட்டை இங்கிலீசுல, அதுவும் டொக்டர் எழுத்துல. அதை வாசிச்சிட்ட?

— தட்டுத்தடுமாறி வாசிப்பேங்க்கா.

— நீ அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு, வாயால முணுமுணுத்துக்கிட்டு, கடியாரத்தை ஒரு நிமிசம் முழுசா பாக்குற. மணி பாக்க யாருக்கு ஒரு நிமிசம் வேணும்?

— அக்கா, மெதுவா. வார்ட்டு நர்சு மிஸ்ஸி காதுல விழுந்தா என்னை வெளிய தள்ளிருவாங்க.

— அப்படி என்ன பண்ணிட்ட?

— இங்க துணைக்கு நிக்கணும்னா சொந்தமா இருக்கணும். மகளா, மருமகளான்னு கேட்டுத்தான் உள்ள நிக்கத் துண்டுச் சீட்டே குடுப்பாங்க.

— அப்ப நீ மக இல்ல.

— யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா! என் பேரு விஜிதா. நான் நர்சுக்குப் படிச்சவ.

— நர்சா? அப்ப அந்தப் பக்கமில்ல நிக்கணும், வெள்ளைக் கவுன் போட்டுக்கிட்டு?

— கவுன் இருக்கு. பொட்டியில, பூச்சி உருண்டை போட்டு வச்சிருக்கேன். டவுன்ல தனியார் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருசம் படிச்சோம். தொப்பி வச்சு போட்டோ எல்லாம் புடிச்சாங்க. பாஸ் பண்ணி ஒரு வருசம் ஆவுது. போற எடமெல்லாம் அனுபவம் இருக்கான்னு கேக்குறாங்க.

— கூடப் படிச்ச புள்ளைங்க?

— தயானி ஹாலிஎலயில ஒரு மருந்துக் கடையில குளுசை எண்ணி உறை போடுறா. இன்னொருத்தி பல்லு டொக்டருக்கு லைட்டு புடிக்கிறா. ஒருத்தி குவைத்துக்கே போயிட்டா. நர்சு வேலைன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. இப்ப அங்க சமைக்கிறாளாம்.

— நீ மக வேலைக்கு வந்துட்ட.

— சிரிக்காதீங்க. ஆசுபத்திரி கேட்டுல நிக்கிற மொஹிதீன் நானா சொல்லி விடுவாரு, இன்ன வார்ட்டுல ஆள் இல்லாம தவிக்கிறாங்கன்னு. ஏழு மாசத்துல ஒம்பது அம்மாவைப் பாத்துட்டேன். ரெண்டு மாமியாரு வேற.

— ஒம்பது அம்மாவா!

— ஒரு தடவை, ஒரு அம்மா டிக்கெட் வெட்டி வீட்டுக்குப் போயி நாலே நாள்ல அதே வார்ட்டுல இன்னொரு அம்மாவுக்கு மகளா வந்து நிக்கிறேன். மிஸ்ஸி மேலயும் கீழயும் பாக்குறாங்க. போன வாரம் வந்தது பெரியம்மா, வளத்தவங்க, அதான் அம்மான்னு சொன்னேன்னு அடிச்சு விட்டேன்.

— பொல்லாத ஆளுதான் நீ! கூச்சமா இல்லியா?

— மொதல் நாள் அழுதேங்க்கா. அப்புறம் யோசிச்சேன். படுக்கைப் புண்ணு வராம புரட்டிப் போடுறேன், மூக்குக் குழாயில பால் ஊத்துறேன். படிச்சதைத்தானே செய்யிறேன். என்ன, சிஸ்டருன்னு யாரும் கூப்பிடுறதில்ல.

— இவங்களுக்கு உன்னை யாரு புடிச்சாங்க?

— மூத்த மகன் கணபதி. பொம்பளை வார்ட்டுல அவரு நிக்க முடியாது. பொஞ்சாதி கைப்புள்ளைக்காரி.

— சொந்த மக இல்லியாமா?

— இருந்தாங்களாம். சொல்லாமக் கொள்ளாம யாரையோ கட்டிக்கிட்டுப் போயிட்டாங்களாம். தலைமுழுகிட்டோம், எங்களுக்குத் தங்கச்சியே கெடையாதுன்னாரு.

— ம்.

— ஆனா பாருங்க, துண்டு எழுதுறப்போ மக பேரு என்னன்னு மிஸ்ஸி கேட்டதும் அந்தத் தங்கச்சி பேரைத்தான் குடுத்தாரு.

— வாயால சொன்னாரா? அந்தப் பேரை?

— ஆமாங்க. சொல்றதுக்கு முந்தி தொண்டையைச் செருமிக்கிட்டு, செவுத்தைப் பாத்துக்கிட்டுத்தான் சொன்னாரு. ஏங்க்கா?

— ஒண்ணுமில்ல... அந்தத் தண்ணிப் போத்தலை எடு.

— அக்கா, நானும் ஒண்ணு கேக்கணும். உங்க மாமி பேரு என்ன?

— பேரா... மாமின்னுதான் கூப்பிடுறது.

— மருமகளுக்கு மாமி பேரு தெரியாது, சீனி இருக்கிறதும் தெரியாது!

— சரி, நீ சொன்ன, நானும் சொல்றேன். அந்த ஆச்சிக்கு யாருமே இல்ல. நான்தான் மொஹிதீன் நானாகிட்டக் கேட்டு வந்து நிக்கிறேன்.

— நீங்களும் கூலிக்கா?

— இல்ல. சும்மா.

— சும்மா யாராச்சும் ஆசுபத்திரியில வந்து நிப்பாங்களா?

— புண்ணியத்துக்குன்னு வச்சுக்கோயேன்.

— நம்ப முடியலையே. ஆளுங்க பாக்க வர்ற நேரம் மட்டும் நீங்க வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடிர்றீங்க. நேத்தும் போனீங்க, இன்னிக்கும் போனீங்க. கணபதி அண்ணன் போன பொறகுதான் வந்தீங்க.

— கூட்டம் எனக்கு ஆகாது. நீ ஏன் இப்படி வேர்த்துக்கிட்டு நிக்கிற? வாசலை வாசலை வேற பாக்குற.

— பயமா இருக்குக்கா. இந்த அம்மா காலைப் பாத்தீங்களா? ரெண்டு விரல் கறுத்துப் போச்சு. நாளைக்குக் காலையிலயே எடுத்தாகணுமாம். விட்டா காலுக்கு ஏறிரும்.

— விரலை எடுக்கணுமா? ... வலிக்குமா அவங்களுக்கு?

— மயக்கம் குடுப்பாங்க. பிரச்சினை அது இல்ல. ரெண்டு மணிக்குப் பெரிய டொக்டர் வாராரு. அப்ப மக கையெழுத்து வைக்கணும்னு மிஸ்ஸி சொல்லிட்டாங்க.

— வச்சிரேன். அவங்க உசுருக்குத்தானே.

— எப்படிங்க்கா வைப்பேன்? பொய் சொல்லிக்கிட்டுத் துணைக்கு நின்னது வேற. ஒரு அம்மா காலை வெட்ட, இல்லாத மக பேருல நான் கையெழுத்துப் போடுறதா? பொய்க் கையெழுத்து வைக்கக் கூடாதுங்கிறதுதான் எங்களுக்கு மொதப் பாடமே.

— போடலேன்னா?

— காலு போயிரும். உண்மையைச் சொன்னா என்னை வெளிய அனுப்பிருவாங்க. அப்புறம் எந்த ஆசுபத்திரியில வேலை கேட்டு நிப்பேன்? இந்த மிஸ்ஸிமாருக்கெல்லாம் என் மூஞ்சி தெரியும்.

— அவங்க மகனுக்குச் சொல்லி அனுப்பு.

— அவரு போன பொறகுதான் மிஸ்ஸி இதைச் சொன்னாங்க. மொஹிதீன் நானா கமியூனிகேஷன் கடையில போயி போன் எடுத்துப் பாத்தாரு. நேத்து மழைக்குத் தோட்டத்து போன் லைன் விழுந்திருச்சாம். ஆள் போயி அவரைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள டொக்டர் போயிருவாரு.

— அந்த விரலை எடுத்தா... நடப்பாங்களா?

— நடக்கலாம். நல்லாப் பாத்துக்கிட்டா நடக்கலாம். உங்களுக்கு ஏங்க்கா கண்ணு கலங்குது?

— புகை.

— வார்ட்டுல என்ன புகை?

— அவங்களைப் பாரு. என்னமோ வேணும்போல இருக்கு.

— அது ஒண்ணும் இல்ல. மூளையில அடைப்பு வந்தவங்களுக்குக் கண்ணு ஒரு பக்கமாவே இழுத்துக்கும். நேத்துலயிருந்தே உங்க பக்கம்தான் போவுது. நான் கொப்பியில கூட எழுதி வச்சிருக்கேன், "பார்வை இடப்பக்கம்"னு. நாளைக்கு வேலை கெடைச்சா உதவும்ல.

— இந்த வாத வருத்தத்துனாலயா அப்படிப் பாக்குறாங்க?

— ஆமாங்க. படிச்சிருக்கோம்ல.

— சரி... இரு, நான் ஜன்னல் பக்கம் வந்து நிக்கிறேன்.

— எதுக்கு? ... அக்கா! கண்ணு அந்தப் பக்கம் திரும்புது!

— திரும்புதா?

— கொஞ்சம் இப்படி வாங்க. மெதுவா... ஐயோ, கூடவே வருதே! இது எப்படி? புத்தகத்துல இப்படி இல்லையே!

— அவங்க அந்தப் புத்தகத்தைப் படிக்கலையே தங்கச்சி.

— வெளையாடாதீங்கக்கா. நான் எதையோ தப்பாப் பாத்திருக்கேன். அவங்களுக்கு உங்களைத் தெரியுமா?

— பதினாலாம் கட்டில் கருப்பம்மா மக! ஜீவராணி! ஜீவராணி யாரு? டொக்டர் வந்துட்டாரு, கையெழுத்து வைக்க வாங்க!

— மிஸ்ஸி கூப்பிடுறாங்க! போச்சு, நான் என்ன பண்ணுவேன்... அக்கா, நீங்க எங்க போறீங்க? அவங்க கூப்பிட்டது என்னை. ஜீவராணிங்கிறது துண்டுல இருக்கிற பேரு!

— தெரியும் தங்கச்சி. என்னை யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பதினோரு வருசமாச்சு... காலு தானா எந்திரிச்சிருச்சு. நீ அம்மாவைப் பாத்துக்க, நான் போயி கையெழுத்து வச்சிட்டு வந்துர்றேன்.