ஹாரன் அடிக்காத ரோடு

— பின்னாடியே ஒட்டிகினு போறாம்மா. ஆம்புலன்சு வழி கேட்டு கத்துது, முன்னாடி கீறவன் ஒருத்தனும் நவுரல. எப்டியோ இண்டு இடுக்குல பூந்து அது வெளிய வந்துச்சின்னு வையி, அது வாலப் புட்ச்சிகினு நாலு பைக்கு. ஓசில ரோடு கெடைக்குதாம். உள்ள ஒரு உசுரு இழுத்துகினு கீது, இவனுக்கு சிக்னல் மிச்சம். இதான் இப்போத்து மனுசன். எழுதிக்கோ.

— எழுதிட்டேன் தாத்தா. எங்க பாத்தீங்க?

— செக்போஸ்ட்டாண்ட. இப்பதான், இங்க வர சொல்ல.

— உலகநாதன் அண்ணாத்தே கண்ணுக்கு மட்டும் எப்பவும் இந்த மாதிரிதான் ஆப்டும். ஏன் பாப்பா, ஞாயித்துக்கிழமையானா பேப்பர தூக்கினு என் டீக்கடைக்கி வந்துட்றியே, படிச்சிக் காட்ட உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?

— பேப்பர் படிக்காத ஒருத்தருக்கு அந்த வாரத்துத் தலைப்புகளைப் படிச்சுக் காட்டி, அவர் என்ன சொல்றார், நான் என்ன சொல்றேன்னு எழுதிட்டு வரணும் யூசுப் அண்ணே. இதழியல் படிக்கிறவங்களுக்கு இதுவும் ஒரு பாடம். எங்க குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் தலையாட்டுறாங்க. இவர்தான் சண்டை போடுறார்.

— தலையாட்டறதுக்கு நான் இன்னா மாடா? யூசுப்பு, பன்னு ரெண்டு, டீ ஒண்ணு பார்சல் கட்டு. ஷோபனா காலைலேர்ந்து ஒண்ணும் துண்ணல. பன்ன டீல நனைச்சி குட்த்தாதான் தொண்டைல எறங்குது.

— கட்றேன். ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சா அண்ணாத்தே?

— எங்க வந்துச்சி. மழக்காலத்துல பேர எழுதினாங்க. மாங்கா சீசனே வந்துருச்சி.

— எதுக்கு தாத்தா பேரு?

— நீ உன் பேப்பர படி.

— நான் சொல்றேன் பாப்பா. ஷோபனா இவரு பொண்ணு. நெஞ்சு சரியில்ல. மாத்திரைக்கெல்லாம் கேக்காதாம், வேற இதயம் வெச்சாதான் உண்டாம். எங்கனா ஒருத்தரு குட்த்தா ஆஸ்பத்திரிக்காரங்க கூப்புடுவாங்க. கூப்ட்டா ரெண்டு அவர்ல அங்க போய் நிக்கணும். இல்லன்னா அடுத்து யாரு காத்துகினு கீறாங்களோ அவங்களுக்குப் பூடும். ஒரு நம்பர் பத்தாதுன்னாங்கன்னு, ரெண்டாவதா என் நம்பர குட்த்துக்கிறாரு. எனக்கும் வர்ல.

— வராது. எவன் குடுப்பான்? ஆம்புலன்சுக்கு வழி குடுக்காதவனா நெஞ்சக் கீறிக் குடுக்கப் போறான்? துட்டு கீறவனுக்கு ராவோட ராவா போய் சேரும். நம்ம கிட்ட போன் நம்பர் வாங்கிக்கிறது ஒரு சாங்கியம். நீ படி கண்ணு.

— படிக்கிறேன். திங்கட்கிழமை. ‘போலீஸ் எனக் கூறி வீடியோ அழைப்பு: ஓய்வுபெற்ற ஆசிரியை மூன்று நாள் வீட்டுக்குள் சிறை.’ போன்லயே கைதுன்னு சொல்லி மிரட்டியிருக்காங்க. இதுல நான் ஒத்துக்காதது என்னன்னா, கீழ ‘ஏமாந்த முதியவர்’னு போட்டிருக்கான். ஏமாத்தினவனைப் பத்தி எழுதாம, ஏமாந்தவங்களைக் கேலி பண்றான். இது தலைப்பா?

— போன்ல எப்டிம்மா ஜெயில்ல போடுவான்?

— நம்ப வெச்சிடுவாங்க தாத்தா. தெரியாத நம்பர் வந்தா எடுக்காதீங்க. செல்போன் நம்பர்னு இல்ல, இப்போ ஆபீஸ் நம்பர் மாதிரியே வருது, நாலு நாலுன்னு ஆரம்பிச்சு. எடுத்தாலே வம்பு.

— அது எனக்குத் தெரியும். டாக்டரு நம்பருக்கு ஷோபனா செகப்புல ப்ளஸ் படம் போட்டு வெச்சிக்கிது. செகப்பு வந்தா எடுப்பேன். மத்ததெல்லாம் எவனோ என்னமோ.

— அதான் சரி. அடுத்தது புதன். ‘மிகத் தொலைவில் புதிய விண்மீன் கூட்டம்: விஞ்ஞானிகள் வியப்பு.’ அங்க இருந்து கிளம்பின வெளிச்சம் இப்பதான் இங்க வந்து சேருதாம். அது கிளம்பினப்போ பூமியே இல்லையாம் தாத்தா. இதைப் போய் எட்டாம் பக்கத்துல, ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் கீழ...

— எவன் பாத்தான்?

— தொலைநோக்கியில பாத்திருக்காங்க.

— எதிர் ஊட்டுல கரண்டு கீதான்னு பாக்க இங்க ஆளு இல்ல. அத்தப் போய் பாத்துகினு கீறான். உடு, வேற படி.

— அண்ணாத்தே, போன் அடிக்குது.

— செகப்பு இல்ல. பாரும்மா, இன்னா நம்பரு?

— நாலு நாலுன்னு ஆரம்பிக்குது. பாத்தீங்களா, இப்பதான் சொன்னேன். கட் பண்ணுங்க தாத்தா.

— பண்ணிட்டேன். வாய வெச்சி முடிக்கல, வந்துட்டாம் பாரு.

— டீ ரெடி. ஆறிடும், எட்த்துகினு கெளம்பு அண்ணாத்தே.

— போறேன். இன்னும் ஒண்ணு கேட்டுட்டு போறேன்.

— பொண்ணு பசியா கீதுன்ன?

— கீது. ஊட்டுக்குப் போனா அது மூச்சு வாங்கறத பாத்துகினு குந்தணும் யூசுப்பு. பாத்ரூம் போய்ட்டு வந்து செவுத்தப் புட்ச்சிகினு நிக்கும். ஒண்ணும் இல்லப்பான்னு சொல்றதுக்குள்ள மூணு வாட்டி நிறுத்தும். ரெண்டு நிமிசம் இங்க உக்காந்துக்கறேன். நீ படி கண்ணு.

— அடுத்து வச்சிருந்தது... இதைப் படிக்கட்டுமான்னு தெரியல தாத்தா. உங்க விஷயம் தெரியாம எடுத்துட்டு வந்தேன்.

— படின்றேன்.

— ‘பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போக்குவரத்து நிறுத்தம்: குறித்த நேரத்துக்கு முன்பே சென்றடைந்தது இதயம்.’ செவ்வாய்க்கிழமை நடந்தது. விபத்துல மூளைச்சாவு அடைஞ்ச ஒரு பையனோட இதயம்.

— எவன் பாத்தான்?

— நான் பாத்தேன்.

— நீயா?

— பூந்தமல்லில பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன். திடீர்னு வண்டியெல்லாம் நிறுத்திட்டாங்க. முதல்ல எல்லாரும் கத்தினாங்க, ஒரே ஹாரன். ஒரு போலீஸ்காரர் நடு ரோட்டுல நின்னு, இதயம் வருதுப்பா, ஒரு இதயம் வருதுன்னு சொன்னார். வேற ஒண்ணும் சொல்லல. முன்னாடி நின்ன தண்ணி லாரிக்காரர் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டார். அதைப் பாத்து பக்கத்து பஸ்காரர். அப்புறம் ஆட்டோ, பைக், ஒண்ணொண்ணா. தாத்தா, அந்த ரோட்டுல நான் பொறந்ததுல இருந்து கேக்காத ஒண்ணைக் கேட்டேன்.

— இன்னாத்த?

— காக்கா கத்துறது.

— பூந்தமல்லி ரோட்லயா?

— ஆமா. பக்கத்துல ஒரு அம்மா பூ கட்டிட்டிருந்தாங்க. அந்த நாரை இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அந்த வண்டி வந்தது. வந்ததும் தெரியல, போனதும் தெரியல, அவ்வளவு வேகம். ஆனா அது போனப்புறமும் யாரும் கிளம்பல. போலீஸ்காரர் கையைக் காட்டுறார், போங்க போங்கன்னு. யார் முதல்ல சாவியைத் திருப்புறதுன்னு கூச்சப்பட்டுட்டு நிக்கிற மாதிரி நின்னாங்க.

— மாஷா அல்லாஹ்.

— நீ இன்னா யூசுப்பு, கண்ணத் தொடைக்கிற. பாய்லர் பொகையா?

— ஆமா. பொக.

— மந்திரி எவனாவது போயிருப்பான். ஜனம் கத்தக்கூடாதுன்னு இதயம்னு சொல்லிக்கிறான் போலீசு.

— உங்களை என்னதான் பண்றது தாத்தா. ஆனா இந்தச் செய்தியில ஒரு பெரிய குறை இருக்கு. இதை நான் சும்மா விடப் போறதில்ல. ஆம்புலன்ஸ் எத்தனை சிக்னல் தாண்டுச்சுன்னு போட்டிருக்கான். பத்திரமா அனுப்பி வெச்ச அதிகாரி பேரு போட்டிருக்கான். குடுத்தவங்களைப் பத்தி ஒரே ஒரு வரி: ‘குடும்பத்தினர் பெயர் வெளியிட விரும்பவில்லை.’ ஒரு நிருபர் இதோட நிறுத்தலாமா? அவங்க யாரு, அந்த வீடு எங்க, எப்படி மனசு வந்துதுன்னு போய்க் கேக்க வேணாமா?

— பேரு இல்லல்ல? அப்ப ஆளும் இல்ல. மறுபடி அடிக்குது பாரு இந்தச் சனியன்.

— அதே நம்பர்தான். விட மாட்டான் தாத்தா, இவங்களுக்கு இதே வேலை. சைலண்ட்ல போட்டுடுங்க. குடுங்க, நானே போடுறேன்.

— போடு. கேள்வி கேக்க ஆளில்லன்னு நெனச்சிகினான்.

— இருங்க, இப்ப எனக்கு அடிக்குது. ஹலோ. ஆமாம்மா, யூசுப்புதான். ஆமா, டீக்கடைதான். தெரியும்மா, இங்கதான் எதிர்ல குந்திகினு கீறாரு. எடுக்கலியா... எத்தினி வாட்டி... இரும்மா, இரு. பாப்பா, அந்தக் கிளாஸ வாங்கிக்க. சொல்லும்மா. எங்கேர்ந்து? வேலூர் பக்கத்துலேர்ந்தா. இன்னிக்கா. இப்பவா. சரிம்மா. இல்ல, துண்ணலன்னுதான் சொன்னாரு. சரி. தண்ணி கூடயா. சரிம்மா. ஊடு பருத்திப்பட்டுதான், ஏரிக்கரைத் தெரு. கூட்டிகினு வந்துடுவோம். வந்துடுவோம்மா.

— யார்ரா அது?

— ஆஸ்பத்திரி அண்ணாத்தே. கெடச்சிருச்சாம். ரோட்டு வழியா வருதாம், இங்கதான், நம்ம பூந்தமல்லி ரோட்ல. உடனே ஷோபனாவ அட்மிட் பண்ணணுமாம். உனக்கு ரெண்டு வாட்டி அடிச்சாங்களாம்.

— ஐயோ. நான்தான் கட் பண்ணச் சொன்னேன்.

— நீ ஏம்மா அழுவற. சரியாதான் சொன்ன. எவனோ டபாய்க்கறான். செகப்பு வர்லியே?

— டாக்டர் நம்பருக்குதான தாத்தா செகப்பு. இது ஆஸ்பத்திரி ஆபீஸ் நம்பர்.

— நீதான சொன்ன, ஆபீசு நம்பர் மாதிரியே வரும்னு. யூசுப்பு, துட்டு கேட்டானா?

— கேக்கல.

— ஓடிபியோ கீடிபியோ, அது?

— கேக்கல அண்ணாத்தே.

— பேங்க்கு புக்கு, ஆதாரு?

— ஒண்ணும் கேக்கல.

— அப்ப இன்னாதான் கேட்டான்?

— ஷோபனா காலைலேர்ந்து ஏதாச்சும் துண்ணுச்சான்னு கேட்டாங்க.

— நீ இன்னா சொன்ன?

— துண்ணலன்னேன். நல்லதாப் போச்சு, ஒண்ணும் குடுத்துடாதீங்கன்னாங்க. பன்னு, டீ, தண்ணி, எதுவும் வாயில படக்கூடாதாம். மயக்க மருந்து குடுக்கணுமாம்.

— தாத்தா, எந்தத் திருடன் அதைக் கேப்பான்?

— நீ சும்மா இரு. காலைலேர்ந்து பட்டினி அது. நடக்க சத்தில்ல. எவனோ ஒருத்தன் பேச்ச நம்பி நான் அத்த இன்னும் பட்டினி போட்டு ஆட்டோல குலுக்கிகினு போவணும். அங்க போனா இல்லன்னுவான். அது மூஞ்சப் பாத்து நான் இன்னா சொல்வேன்? இது அது காதுல உழாம கீறதே நல்லது. நம்பாம கெடந்தா ஒண்ணும் இல்ல. நம்பிட்டு திரும்பி வந்தா அன்னிக்கே அதுக்கு நெஞ்சு நின்னுடும்.

— யாரோ ஒருத்தங்க குடுத்திருக்காங்க தாத்தா. இன்னிக்குக் காலையில.

— யாரு?

— தெரியல.

— நீதான் கேப்பியே. ஊடு எங்க, மனசு எப்டி வந்துச்சின்னு. கேளு. போன் போட்டு கேளு. யாரு பெத்த புள்ள? அங்க அல்லாரும் மாரடிச்சிகினு கெடப்பாங்க, அந்த நேரத்துல எங்கியோ பருத்திப்பட்டுல கீற ஒருத்திக்கு எட்த்துகினு போன்னு எந்த மனுசன் சொல்வான்? நான் சொல்ல மாட்டேன் கண்ணு. சத்தியமா சொல்லிருக்க மாட்டேன். நானே சொல்லாதத இன்னொருத்தன் சொல்லிக்கிறான்னா எப்டி நம்பறது?

— எனக்குக் கேக்க வாய் வரல தாத்தா.

— இவ்ளோ நேரம் வந்துச்சி?

— இவ்வளவு நேரம் அது பேப்பர்ல இருந்துச்சு.

— ஹலோ, ராகேஷு, ஆட்டோவ எட்த்துகினு வா. கேள்வி கேக்காத. ஏரிக்கரைத் தெரு, உலகநாதன் அண்ணாத்தே ஊடு. ஆ, பொண்ணுக்குதான். அண்ணாத்தே, ஆட்டோக்காரப் பையன் நேரா ஊட்டுக்கே வரான். நீ முன்னாடி போய் ஷோபனாவ ரெடி பண்ணு. மருந்துச் சீட்டெல்லாம் ஒரு பையில போடு.

— நானும் வரட்டுமா தாத்தா?

— நீ வாணாம். நீ வந்தா உன் மூஞ்சப் பாத்தே அது கண்டுபுட்ச்சிடும். நான் சும்மா செக்கப்புன்னு சொல்லி இட்டுகினு போறேன்.

— சீக்கிரம் அண்ணாத்தே.

— போறேன்பா. தபாரு கண்ணு, எழுதிக்கோ. நான் நம்பல. போய் பாத்துட்டு வரேன், அவ்ளோதான். ரோட்ட மறிச்சா மந்திரி போறான்னு அர்த்தம். எவனும் எவனுக்கும் நிக்க மாட்டான். நான் திரும்பி வந்து உன் பேப்பர உன் மூஞ்சிலயே அடிக்கறேன் பாரு. பேரு இல்லாதவன் குட்த்தானாம், ஊரு நின்னு வழி உட்டுச்சாம். நான் நம்பல.

— பாத்து தாத்தா, ரோட்டைப் பாத்துப் போங்க. யூசுப் அண்ணே, கடைசி வரைக்கும் நம்பாமதான் போறார்.

— ஆமா பாப்பா. ஆனா டீயையும் பன்னையும் வெச்சிட்டுப் போய்ட்டாரு பாரு.