ஓணத்துக்கு வடம் இழுக்க ஒரு புத்தகம்

ரெண்டு புத்தகத்தையும் அந்த நாற்காலி மேல வைங்க வல்சலா சேச்சி, என் கையெல்லாம் மத்தி மீன் செதிலு. அட்டையில பட்டுச்சுன்னா நூலகத்துல உங்களத்தான் திட்டுவாங்க. ச்சூ, பூனை!

தெரியும் சேச்சி, ஒரு ஆளுக்கு ஒரு புத்தகம்தான். அதான் முழிக்கிறேன். அந்த ஒல்லி உடற்பயிற்சிப் புத்தகத்துல என்ன இருக்கு? நடங்க, குனிங்க, சிரிங்கன்னா? புள்ளயத் தூக்கிட்டு நாள் முழுக்க அதத்தானே செய்யறேன், சிரிக்கிறதுதான் பாக்கி. இந்தக் குண்டுப் புத்தகத்துல? ஐயோ, தோல உரிச்ச ஆளுல்ல அட்டையில நிக்கிறான்! நான் ஆறாங்கிளாஸோட நின்னவ. எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள ஓணமே போயிடும்.

எதுக்கா? சிரிக்கக் கூடாது. இந்த ஓணத்துக்கு வடம் இழுக்கிற போட்டியில என்னத்தான் கடைசி ஆளா போட்டிருக்காங்க. மாட்டேன்னு சொல்ல வாய் வராதுன்னு தெரிஞ்சு என் தலையில கட்டிட்டாளுங்க. ஆனா நின்னாச்சுன்னா ஜெயிக்கணும் சேச்சி. போன ஓணத்துல பட்ட மானக்கேடு போதும். பலம் வரும்னு ஆளாளுக்கு அடப்பிரதமன் பாயசம் ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு வந்து நின்னோம். விசில் ஊதுனதும் எங்க கட்சி ரீத்தா விட்டா பாருங்க ஒரு ஏப்பம்! சிரிச்சு சிரிச்சே சேத்துல விழுந்தோம். எதிர்ல கடைசியா நின்ன பொம்பள மலை மாதிரி நிக்கிறா. ஒத்தக் கையில வடம், மறு கையால முந்தானையச் சரிபண்றா!

என்னது, குண்டுல இதுக்குன்னே படம் இருக்கா? குதிகால ஊனி, மல்லாந்து சாஞ்சு... அட, நாங்க கும்பிடுற மாதிரி முன்னால குனிஞ்சுல்ல இழுத்தோம்! இதுதான் வேணும், என் பேர்ல எழுதிக்கோங்க.

ஒல்லியப் பைக்குள்ள வைக்காதீங்க. அம்பது தாண்டினவங்க கனமா எதையும் இழுக்கக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா பாருங்க. போட்டிருக்கா! அப்ப அத எங்க மாமியார் பேர்ல எழுதுங்க. அந்தப் பக்கத்த மட்டும் கொஞ்சம் சத்தமா அவங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டுப் போங்க.

அட, அந்த மலை அவங்கதானே சேச்சி! பொறந்த வீடு ஆத்துக்கு அக்கரை, அதனால ஓணத்தன்னைக்கு அந்தக் கட்சி. எனக்கு வாய்ச்சண்டையெல்லாம் வராது. வடத்துலயாவது ஒரு தடவ, ஒரே ஒரு அடி, என் பக்கமா... தோ வந்துட்டேன் அத்தை! யாருமில்ல அத்தை, நம்ம நூலகத்து சேச்சிதான், உங்க உடம்ப நல்லா பாத்துக்கணும்னு இப்பத்தான் நான் சொல்லிட்டிருந்தேன்!