எங்க சார் ஒத்துக்க மாட்டாரு

கூடுவாஞ்சேரியில் லேடீஸ் கோச்சில் ஏறிய இரண்டு தோழிகள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். தைத்த பிளவுஸ்களை மடியில் வைத்திருந்தவர் போனில், "நாளைக்கே முடியாதுங்க. எங்க சார் ஒத்துக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"கடை உன்னோடது. எந்த சார்டி?"

"அப்படி யாருமே இல்லடி. நான் முடியாதுன்னா சண்டைக்கு வராங்க. சார்னு சொன்னா அடங்கிடறாங்க. தீபாவளிக்கு ஒரு கஸ்டமர் சாருக்கு சட்டையே எடுத்துக் கொடுத்தாங்க. எங்க வீட்டுக்காரர் போட்டுக்கறாரு."

மறுபடி போன் அடித்தது.

"சார்கிட்டயே பேசணுமா?" தோழியை ஒரு தரம் பார்த்தார். "நான்தாங்க ஓனர். நாளைக்கு முடியாது. வெள்ளிக்கிழமை வாங்க."

"என்னடி சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க."

பெருங்களத்தூர் போகும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பாவம்டி எங்க சார். நல்ல மனுஷன்."